வாடகை வீட்டில் வளர்ப்பு நாய்: சேதத்தைத் தடுக்க ஆறு விடைகள்

நாய் வளர்ப்பவருக்கு வீட்டை வாடகைக்கு விடலாமா? விட்டால் கதவையும் தரையையும் சுவரையும் காப்பது எப்படி? கெட்டுப்போனால் யார் பணம் தருவது? அடுக்குமாடி வாழ்க்கை பரவிய நகரங்களிலெல்லாம் இந்தக் கேள்விகள் எழுந்திருக்கின்றன. பிரான்ஸ் 1970இல் ஒரு சட்டத்தால் விடை சொன்னது. நியூயார்க் நகரம் 1983இல் வேறொரு விடையைச் சொன்னது. ஜப்பான் 1998இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இங்கிலாந்து நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2025இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் இது இன்னும் பெரும்பாலும் வீட்டு உரிமையாளரின் விருப்பத்துக்கும் இரு தரப்பின் வாய்ப்பேச்சுக்கும் விடப்பட்டிருக்கிறது.

இரு தரப்பின் கவலையும் நியாயமானது. சேமிப்பையெல்லாம் போட்டுக் கட்டிய அல்லது வாங்கிய வீட்டை, வாடகை வருமானத்தை நம்பியிருக்கும் உரிமையாளர் எச்சரிக்கையோடு பார்ப்பது இயல்பு. வீடு கிடைக்காத காரணத்தால் பல ஆண்டு வளர்த்த நாயைக் காப்பகத்தில் விட நேர்வதும் உண்மையான துயரம். இதுவரை தரப்பட்ட விடைகளை ஆறாக வகுத்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே பலன் தருகிறது, எங்கே தவறுகிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கெடுவது எது?

வீட்டுக்கு நாயால் வரும் சேதம் பொதுவாக நான்கு வகை: சிறுநீர், நகக்கீறல், கடி, உடல் அழுக்கும் வாடையும்.

அதிகம் அஞ்சப்படுவது சிறுநீர். புதிதாக விழுந்த சிறுநீரில் வாடை குறைவு. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அமோனியா வெளிப்படுகிறது. அப்போதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறது. மரத்திலுள்ள டானின் அமோனியாவோடு வினைபுரிந்தால் கருந்திட்டு விழும். மேல்பூச்சைச் சுரண்டி எடுத்தாலும் அந்தக் கறை ஆழத்தில் தங்கிவிடக்கூடும். விட்ரிஃபைடு டைல்ஸின் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கு மேல் போவதில்லை என்பதால் டைல்ஸுக்குள் சிறுநீர் இறங்குவதில்லை. டைல்ஸுக்கு இடையிலுள்ள சிமென்ட் கிரவுட்டில் இறங்குகிறது. ஆத்தங்குடி டைல்ஸ், சிவப்பு ஆக்சைடு தரை போன்ற சிமென்ட் தரைகள் நுண்துளை கொண்டவை. அவற்றுக்கு ஆபத்து கூடுதல். மார்பிளில் தேங்கி நின்றால் மெருகு மங்கக்கூடும்.

துப்புரவுப் பொருள்களின் விளம்பரங்கள் யூரிக் அமிலப் படிகங்களையே வாடைக்குக் காரணமாகச் சொல்வதுண்டு. நாய்களைப் பொறுத்தவரை இது அவ்வளவு பொருந்தாது. பெரும்பாலான நாய்களின் உடல் யூரிக் அமிலத்தை அலன்டாயின் என்ற, நீரில் எளிதில் கரையும் பொருளாக மாற்றிவிடுகிறது. டால்மேஷன் இனம் இதற்கு அறியப்பட்ட விதிவிலக்கு. எனவே உடனடியாகத் துடைத்துக் கழுவுவது நாயின் விஷயத்தில் பெரும்பலன் தருகிறது. நாள்பட விட்டால்தான் சிக்கல்.

கடிப்பதிலும் இரு வகை உண்டு. குட்டி நாயின் 28 பாற்பற்கள் மூன்று நான்கு மாத வயதில் விழத் தொடங்கும். ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அந்தக் காலத்தில் ஈறு குறுகுறுப்புக்காகக் கதவு நிலை, மேசைக்கால், ஸ்கர்ட்டிங் என்று எதையும் கடிக்கும். இது வயதோடு போய்விடும். வளர்ந்த நாய் தனியாக இருக்கும்போது வாசற்கதவையும் ஜன்னல் ஓரத்தையும் மட்டும் பிறாண்டினால் காரணம் பெரும்பாலும் பயம். இது தானாகப் போவதில்லை. இரண்டுக்கும் கதவில் தெரியும் அடையாளம் ஏறத்தாழ ஒன்றுதான். தீர்வு முற்றிலும் வேறு.

முதல் விடை: தடை

மிகப் பழையதும் எளியதுமான விடை, நாய்க்கு இடமில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது. சேதம் நடந்தபின் நிரூபிக்கவோ வசூலிக்கவோ வேண்டிய தொல்லை இல்லை. அண்டை வீட்டாரின் புகாரும் இல்லை. உரிமையாளரின் பார்வையில் இதன் வலிமை இந்த உறுதிப்பாடுதான்.

அரை நூற்றாண்டாகச் சட்டங்கள் இந்த உறுதிப்பாட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்துவந்திருக்கின்றன. பிரான்ஸில் 1970 ஜூலை 9ஆம் நாள் சட்டம், குடியிருப்பில் வளர்ப்புப் பிராணியைத் தடுக்கும் ஒப்பந்தப் பிரிவு எழுதப்படாததாகவே கருதப்படும் என்றது. கூடவே, பிராணி கட்டடத்துக்குச் சேதமோ மற்றவர்களுக்குத் தொல்லையோ தரக்கூடாது என்றும் நிபந்தனை வைத்தது. தாக்கும் இனமென வகைப்படுத்தப்பட்ட நாய்களை மட்டும் ஒப்பந்தத்தால் தடுக்கலாம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் இத்தகைய தடைப் பிரிவைச் செல்லாததாக்கியது. ஜெர்மனியின் உச்ச நிலைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2013 மார்ச்சில், எல்லா நாய் பூனைகளையும் ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் அச்சிட்ட ஒப்பந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதனால் நாய் வளர்க்கும் உரிமை தானாகக் கிடைத்துவிடவில்லை. இரு தரப்பு, அண்டை வீட்டார், பிராணி ஆகியோரின் நலன்களை ஒவ்வொரு வழக்கிலும் எடைபோட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

நியூயார்க்கின் 1983ஆம் ஆண்டு விதி வேறு வழியில் சென்றது. குடியிருப்பவர் மூன்று மாதம் மறைக்காமல் பிராணியை வளர்த்து, அதை அறிந்தும் உரிமையாளர் வழக்குத் தொடுக்காவிட்டால், தடைப் பிரிவைச் செயல்படுத்தும் உரிமையை அவர் இழக்கிறார். தடையை எழுதிவைத்துவிட்டுக் கண்டும் காணாமல் இருந்து, பிறகு குடியிருப்பவரை வெளியேற்ற மட்டும் அதைக் கையில் எடுக்கும் வழக்கத்துக்கு இந்த விதி முடிவுகட்ட முயன்றது.

சேதத்தைத் தடுக்கும் கருவி என்ற அளவில் பார்த்தால், தடையின் பெரிய பலவீனம் மறைப்பைத் தூண்டுவது. மறைத்து வளர்க்கப்படும் நாய்க்கு ஒப்பந்தத்தில் நிபந்தனை இல்லை. வீட்டைப் பார்வையிட ஏற்பாடு இல்லை. சிறு சேதம் நேர்ந்ததும் சொல்லிச் சரிசெய்யும் வாய்ப்பும் இல்லை.

இரண்டாவது விடை: பணம்

நாயை ஏற்றுக்கொள், கூடுதல் பணம் வாங்கிக்கொள் என்பது அடுத்த விடை. இது அமெரிக்காவில் நன்கு வேரூன்றியது. திருப்பித் தரும் கூடுதல் முன்பணம், திருப்பித் தராத ஒருமுறைக் கட்டணம், மாதாமாதம் வாங்கும் செல்லப்பிராணி வாடகை என மூன்று வடிவங்கள் அங்கே வழக்கில் உள்ளன. மேற்கு ஆஸ்திரேலியா, புகையூட்டிப் பூச்சியொழிக்கும் செலவுக்காக 260 டாலர் வரை தனிப் பிணைத்தொகை வாங்க அனுமதித்தது. ஜப்பானில் நாய் பூனை வளர்ப்பவரிடம் ஒரு மாத வாடகையைக் கூடுதலாகப் பிணையாக வாங்குவது பரவலான வழக்கம்.

மூன்று வடிவங்களும் ஒன்றல்ல. திருப்பித் தரும் முன்பணம் சேதத்தோடு நேரடியாகப் பிணைந்தது. வீட்டை நன்றாக வைத்திருந்தால் பணம் திரும்பும் என்பதால் கவனத்தைத் தூண்டுகிறது. திருப்பித் தராத கட்டணத்துக்கும் மாதாந்தரக் கூடுதலுக்கும் அந்தப் பிணைப்பு இல்லை. கீறல் விழுந்தாலும் விழாவிட்டாலும் பணம் போனது போனதுதான். உரிமையாளருக்கு வருமானமாகும், வீட்டுக்குக் காப்பாகுமா என்பது ஐயமே.

இங்கிலாந்தின் அனுபவம் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. 2019ஆம் ஆண்டு வாடகைக் கட்டணச் சட்டம், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீடுகளில் முன்பணத்தை ஐந்து வார வாடகைக்குள் நிறுத்தியது. நாய்க்கெனத் தனித் தொகை வாங்கும் வழி அதோடு அடைபட்டது. குடியிருப்பவரின் சுமையைக் குறைக்க வந்த சட்டம், நாய் வளர்ப்பவருக்கு வீடு கிடைப்பதைக் கடினமாக்கிவிட்டது என்று பிராணிநல அமைப்புகளே வாதிட்டன. 2025இல் வாடகைதாரர் உரிமைச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, நாய்க்காக மூன்று வார வாடகையைக் கூடுதல் பிணையாக வாங்கலாம் என்று பிரபுக்கள் அவை திருத்தம் கொண்டுவந்தது; மக்களவை அதை ஏற்கவில்லை. 2025 அக்டோபர் 27 அன்று ஒப்புதல் பெற்ற சட்டத்தின்படி, பிராணி வளர்க்க எழுத்தில் அனுமதி கேட்டால் உரிமையாளர் காரணமின்றி மறுக்க முடியாது. பொதுவாக 28 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நடைமுறைக்கு வரும் நாளாக 2026 மே 1 அறிவிக்கப்பட்டது.

கூடுதல் பணம் நியாயமா என்பது, நாயால் கூடுதல் சேதம் உண்மையிலேயே வருகிறதா என்பதைப் பொறுத்தது. இதுபற்றிய ஆய்வுகள் குறைவு. 2005இல் ஆந்த்ரோஸூஸ் இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பிராணி வளர்ப்போர் வீடுகளுக்கும் மற்ற வீடுகளுக்கும் சேதத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றது. பிராணிக்கு இடம்தரும் வீடுகளில் குடியிருப்போர் சராசரியாக 46 மாதம் தங்கினர், இடம்தராத வீடுகளில் 18 மாதமே தங்கினர் என்றும் கண்டது. பேட்டர்ஸீ நாய் பூனைக் காப்பகத்துக்காக ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், நாய் பூனையால் சேதமே இல்லை என்று 76 சதவீத உரிமையாளர்கள் சொன்னார்கள். பிராணியால் வந்த சேதத்தின் சராசரிச் செலவு 300 பவுண்டு. பிராணிக்குத் தொடர்பில்லாத சேதத்தின் சராசரி 775 பவுண்டு.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானத்தோடுதான் ஏற்க வேண்டும். உரிமையாளர்கள் நினைவிலிருந்து சொன்ன பதில்கள் இவை. நாய்க்கு இடம்தந்தவர்கள் பெரும்பாலும் குடியிருப்பவரைத் தேர்ந்தெடுத்தே தந்திருப்பார்கள்; எல்லோருக்கும் கதவைத் திறந்தால் சராசரி மாறக்கூடும். ஆய்வுகளுக்குப் பின்னால் இருந்தவையும் பிராணிநலத்தில் அக்கறை கொண்ட அமைப்புகள். சராசரி என்பதே இங்கு போதாது. பத்து வீட்டில் ஒன்றும் ஆகாமல் ஒரு வீட்டில் மரத்தரை முழுவதையும் மாற்ற நேர்ந்தால், அந்த ஓர் உரிமையாளருக்குச் சராசரி எந்த ஆறுதலும் தராது.

மூன்றாவது விடை: காப்பீடு

எப்போதாவது வரும் பெருஞ்சேதத்துக்குப் பலரிடம் சிறுதொகை திரட்டி ஈடுகட்டுவது காப்பீட்டின் வேலை. கொள்கையளவில் இந்தச் சிக்கலுக்கு மிகப் பொருத்தமான கருவி இது. ஜெர்மனியில் 1900 முதல் நடைமுறையிலுள்ள குடிமைச் சட்டத் தொகுப்பின் 833ஆம் பிரிவு, பிராணி விளைவிக்கும் தீங்குக்கு வளர்ப்பவரே பொறுப்பு என்கிறது. அந்தப் பொறுப்பை ஈடுகட்டும் நாய்க் காப்பீடு அங்கே சாதாரணமாக எடுக்கப்படுகிறது. பெர்லின், ஹாம்பர்க் போன்ற மாநிலங்களில் கட்டாயமும்கூட. வாடகை வீட்டுக்கு வரும் சேதத்தையும் பல காப்பீடுகள் ஏற்கின்றன.

ஆனால் தேய்மானம், நாள்பட்ட உராய்வு, அளவுமீறிய பயன்பாடு ஆகியவற்றை இத்தகைய காப்பீடுகள் வழக்கமாக விலக்கிவிடுகின்றன. நாய் ஒரே நாளில் கதவைப் பிய்த்தால் இழப்பீடு கிடைக்கலாம். மூன்று ஆண்டு நடந்து நடந்து தரையைக் கீறினால் கிடைக்காமல் போகலாம். வாடகை வீட்டுச் சண்டைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இங்கிலாந்துச் சட்ட முன்வரைவிலும் காப்பீடு இடம்பெற்றிருந்தது. பிராணிச் சேதத்துக்குக் காப்பீடு எடுக்கும்படி உரிமையாளர் கேட்கலாம் என்ற பிரிவை அரசே பின்னர் நீக்கியது. தேவையான அளவுக்குக் காப்பீட்டுத் திட்டங்கள் சந்தையில் உருவாகுமா என்ற ஐயம் அதற்கு ஒரு காரணம். இந்தியாவில் நாய்க் காப்பீடு பெரும்பாலும் நாயின் மருத்துவம், இறப்பு, பிறருக்கு நேரும் தீங்கு ஆகியவற்றைச் சுற்றியே விற்கப்படுகிறது.

நான்காவது விடை: வீட்டையே மாற்றியமைப்பது

நாயையும் குடியிருப்பவரையும் விட்டுவிட்டு, வீட்டின் பொருள்களைப் பற்றி யோசிப்பது நான்காவது விடை. கட்டட வல்லுநர்களும் உள்ளலங்காரம் செய்பவர்களும் இதை விரும்புகிறார்கள்.

மரத்தரை வழக்கிலுள்ள நாடுகளில் ஜங்கா கடினத்தன்மை அளவையை வைத்து மரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். 11.28 மில்லிமீட்டர் எஃகுக் குண்டைப் பாதியளவு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை தேவை என்பதே அந்த அளவை. சிவப்பு ஓக் மரத்துக்கு 1,290 பவுண்டு விசை; வெள்ளைப் பைன் மரத்துக்கு 380 மட்டும். இந்த அறிவுரையில் ஒரு குறை இருக்கிறது. ஜங்கா அளவை குழிவிழுவதை அளக்கிறது. நாயின் நகம் பெரும்பாலும் குழி தோண்டுவதில்லை, மேலேயுள்ள பாலியூரித்தேன் பூச்சைக் கீறுகிறது. எவ்வளவு கடினமான மரமானாலும் பளபளப்பான பூச்சில் கீறல் பளிச்சென்று தெரியும். மங்கலான பூச்சில் அவ்வளவு தெரியாது.

தமிழ்நாட்டு அடுக்குமாடிகளில் பெரும்பாலும் விட்ரிஃபைடு டைல்ஸ் தரை என்பதால், தரைக்கு வரும் ஆபத்து மேலைநாடுகளைவிடக் குறைவு. இங்கே கெடுவது வேறு இடங்கள்: ஃப்ளஷ் கதவின் கீழ்ப்பாதி, மர நிலை, பால்கனிக் கொசுவலை, மாடுலர் கிச்சனின் கீழ் அடுக்குக் கதவுகள், நாயின் தோள் உயரத்தில் சுவரில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு. இவற்றுக்கான தீர்வுகள் மலிவானவை. கதவின் கீழ்ப்பகுதியில் அக்ரிலிக் அல்லது மெல்லிய உலோகத் தகடு பதிக்கலாம். சுண்ணாம்பு, டிஸ்டெம்பருக்குப் பதிலாகக் கழுவக்கூடிய எமல்ஷன் பூசலாம். கிரவுட்டுக்கு நீர்புகாப் பூச்சு அல்லது எபாக்ஸி கொடுக்கலாம். கொசுவலைக்குத் துருப்பிடிக்காத எஃகு வலை போடலாம்.

சுத்தம் செய்யும் முறையிலும் தெளிவு தேவை. அமோனியா கலந்த திரவம் சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால் நாயை அதே இடத்துக்கு மறுபடி ஈர்க்கக்கூடும் என்று கருதப்படுகிறது. பிளீச்சிங் கலவையைச் சிறுநீர்மேல் நேரடியாக ஊற்றினால் குளோரமைன் என்ற நச்சுவாயு உண்டாகலாம். முதலில் உறிஞ்சியெடுத்து, நீரால் அலசி, பிறகு நொதி கலந்த துப்புரவுத் திரவத்தை ஊறவைப்பதே பரவலாக ஏற்கப்பட்ட முறை. காய்ந்துபோன இடங்களைப் புற ஊதா விளக்கால் கண்டுபிடிக்கலாம்.

இந்த விடையின் பலவீனம் யார் செலவு செய்வது என்பதில் இருக்கிறது. குடியிருப்பவர் இரண்டு மூன்று ஆண்டில் காலி செய்வார். நிலையான மாற்றங்களில் பணம் போட அவருக்கு ஊக்கமில்லை. உரிமையாளருக்கோ அடுத்து வருபவர் நாய் வைத்திருப்பாரா என்று தெரியாது. ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டிய ஒப்பந்தங்களில், தகடு பதிப்பதுகூடப் பேசித் தீர்க்க வேண்டியதாகிறது.

ஐந்தாவது விடை: நாயின் நடத்தை

நாய் ஏன் கெடுக்கிறது என்று கேட்கும் விடை இது. கால்நடை மருத்துவத்திலிருந்தும் நடத்தை அறிவியலிலிருந்தும் வந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் 13,000க்கும் மேற்பட்ட ஃபின்லாந்து நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில், மிகப் பரவலான பதற்றம் ஒலிபற்றிய அச்சம். 32 சதவீத நாய்களுக்கு அது இருந்தது. தனித்திருக்கும்போது வரும் சிக்கல் 5 சதவீதம் அளவே. தீபாவளி வெடிக்குப் பழகிய ஊர்களில் இந்தக் கண்டறிதலுக்கு நேரடிப் பொருள் உண்டு. வெடிச் சத்தத்தில் கதவைப் பிறாண்டும் நாய்க்குத் தேவைப்படுவது அறையின் உட்புறத்தில் இருண்ட, சத்தம் குறைந்த இடமும், உடன் இருக்கும் மனிதரும், தேவையானால் மருத்துவர் தரும் மருந்தும்தான்.

தண்டனையால் சேதம் குறையும் என்ற நம்பிக்கை பழையது. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட சோதனை அதன் அடிப்படையை அசைத்தது. குற்ற உணர்ச்சி என்று மனிதர்கள் எண்ணும் முகபாவத்தை நாய் காட்டுவது தவறு செய்ததாலல்ல, திட்டப்படுவதால் என்று அவர் கண்டார். தவறே செய்யாத நாய்களும் திட்டப்பட்டபோது அதே முகத்தைக் காட்டின. மாலையில் வீட்டுக்கு வந்து, காலையில் கடித்த கதவுக்காக அடிப்பதால் நாய் கற்றுக்கொள்வது மனிதரின் வருகைக்கு அஞ்சுவதை மட்டும்தான்.

சிறுநீரால் எல்லை குறிக்கும் ஆண் நாய்க்குக் கருத்தடை உதவும் என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்ட நாய்களிடம் இந்தப் பழக்கம் பாதிக்குமேல் குறைந்தது. எல்லா நாய்க்கும் பலிக்கும் என்று இதைக் கொள்ள முடியாது. குட்டிகளுக்கு வேறொரு முரண் உண்டு. உலகச் சிறுபிராணி மருத்துவச் சங்கம் குட்டிக்கான கடைசித் தடுப்பூசியை 16 வார வயதிலோ அதற்குப் பிறகோ போடச் சொல்கிறது. அதுவரை தெருவில் இறக்கத் தயங்கும் வீடுகளில், மாடியில் வளரும் குட்டி வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கப் பழகுகிறது. பால்கனியில் ஒரு தட்டும் அதில் செயற்கைப் புல்லும் வைத்து நேரப்படி கொண்டுபோவது பலர் கையாளும் நடைமுறை.

கூண்டில் வைத்துப் பழக்குவது குறித்து நாடுகளிடையே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்காவில் அது வழக்கமான அறிவுரை. சுவீடனிலும் ஃபின்லாந்திலும் பயணம் போன்ற விதிவிலக்குகள் தவிர, நாயை மூடிய கூண்டில் அடைத்துவைக்கப் பிராணிநலச் சட்டம் அனுமதிப்பதில்லை. வீட்டைக் காக்கும் நோக்கமும் நாயின் நலனும் நேருக்குநேர் மோதும் இடம் இது. நாள் முழுதும் அடைத்துவைத்துக் காக்கப்படும் வீட்டைப் பாதுகாப்பான ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது.

நடத்தை வழிமுறை நோயின் வேரைத் தொடுகிறது. ஆனால் காலம் பிடிக்கும், செலவாகும், பலன் நாய்க்கு நாய் வேறுபடும். ஒப்பந்தத்தில் எழுதிச் செயல்படுத்துவதும் கடினம். நகம் வெட்டுவது, நடைக்கு அழைத்துச் செல்வது, தனியே விடும் நேரத்தைக் குறைப்பது ஆகியவற்றை எந்த உரிமையாளரும் கண்காணித்துக்கொண்டிருக்க முடியாது.

ஆறாவது விடை: பதிவும் தேய்மானக் கணக்கும்

சேதம் வருவதை முற்றாகத் தடுக்க முடியாது, வந்த சேதத்தை நியாயமாகக் கணக்கிடலாம் என்பது கடைசி விடை. இதில் மிக விரிவாகச் சிந்தித்த நாடு ஜப்பான். 1998இல் முதலில் வெளியாகி 2011 வரை திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகள், வெயிலில் சுவர்த்தாள் மங்குவது போன்ற இயல்பான தேய்மானத்தை உரிமையாளரின் கணக்கிலும், பிராணியின் கீறலையும் வாடையையும் குடியிருப்பவரின் கணக்கிலும் வைக்கின்றன. ஆனால் அதோடு நிற்கவில்லை. சுவர்த்தாளின் மதிப்பு ஆறு ஆண்டில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் தேய்வதாகக் கொள்ளப்படுகிறது. மூன்று ஆண்டு பழைய தாளை நாய் கீறினால் புதுத்தாளின் முழு விலையைக் கேட்பது முறையல்ல. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட குடிமைச் சட்டமும் இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்று எழுத்தில் சொன்னது.

எங்கே இயல்பான தேய்மானம் முடிகிறது, எங்கே சேதம் தொடங்குகிறது என்பதில் வழக்குகள் தொடர்கின்றன. ஜெர்மனியின் கோப்லென்ஸ் வட்டார நீதிமன்றம் 2014இல் மேல்முறையீட்டில் விசாரித்த வழக்கில், நாய் வளர்க்க உரிமையாளரே அனுமதி தந்திருந்தார். ஆனாலும் மரத்தரையில் லாப்ரடார் இட்ட கீறல்களுக்குக் குடியிருப்பவர் பொறுப்பு என்று முடிவாயிற்று. நாய்க்குக் காலுறை அணிவித்திருக்கலாம், அந்த அறைக்குள் விடாமலிருந்திருக்கலாம் என்று நீதிமன்றம் சுட்டியது. அனுமதி தந்தபின் நாய் நடப்பதால் விழும் கீறலும் ஒப்புக்கொண்ட பயன்பாடுதானே என்ற எதிர்வாதம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இந்த விடையின் பலம் முழுவதும் குடியேறும் நாளின் பதிவில் இருக்கிறது. கதவு, தரை, சுவர் ஆகியவற்றின் நிலையைத் தேதியிட்ட படங்களோடு இருவரும் கையெழுத்திட்டு வைக்காவிட்டால், தேய்மான அட்டவணை எவ்வளவு நுட்பமானதானாலும் பயன்படாது.

தமிழ்நாட்டில் நிலை

இந்தியச் சட்டத்தில் இதற்கான விதை பழையது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குத்தகை முடியும்போது சொத்தைப் பெற்றபோதிருந்த நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும் என்கிறது. நியாயமான தேய்மானத்துக்கும் தடுக்கமுடியாத நிகழ்வுக்கும் விலக்கு தருகிறது. நியாயமான தேய்மானம் என்பதற்குள் நாயின் கால்தடம் எவ்வளவு அடங்கும் என்று அது சொல்லவில்லை.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிய சென்னை வழக்கத்தைக் குறைப்பது இதன் நோக்கங்களில் ஒன்று. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாதத்தோடு நிறுத்துகிறது. அதன் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதையும் உரிமையாளரின் பொறுப்பில் வைத்து, பூச்சிவலை மாற்றுவதைக் குடியிருப்பவரின் பொறுப்பில் வைக்கிறது. காலி செய்யும்போது பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் நகர வழக்கம் இதற்கு நேர் எதிரானது. நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே தொகை பிடிக்கப்பட்டால், கவனமாக வீட்டை வைத்திருக்க என்ன தூண்டுதல் இருக்கும்?

குடியிருப்போர் நலச் சங்கங்கள் பெரும்பான்மை முடிவாலும் வளர்ப்பு நாய்களுக்குத் தடைபோட முடியாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கேரள உயர் நீதிமன்றமும் 2021இல், பிராணிகளை முற்றாகத் தடுக்கும் சங்க விதிகள் செல்லாது என்றது. இவை சங்கங்களுக்குச் சொல்லப்பட்டவை. தன் வீட்டை யாருக்கு விடுவது என்று முடிவுசெய்யும் தனி உரிமையாளரை இவை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. சொந்த வீட்டில் நாய் வளர்ப்பவருக்கு இங்கே ஓரளவு காப்பு உண்டு. வாடகை வீட்டில் வளர்ப்பவருக்கு அது மிகக் குறைவு.

சிங்கப்பூர்த் தமிழர்கள் வாழும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் விதி வேறு வடிவம் கொண்டது. ஒரு வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறு இனங்களில் ஒன்று. இனத்தையும் உருவத்தையும் வைத்து ஆபத்தை அளக்கும் இந்த அணுகுமுறை நிர்வாகத்துக்கு எளிது. தனிமையில் பதறும் சிறு நாய், அமைதியான பெரிய நாயைவிட அதிகம் கெடுக்கக்கூடும் என்பதை அது கணக்கில் கொள்வதில்லை.

எஞ்சி நிற்பவை

ஆறு விடைகளையும் ஒருசேரப் பார்த்தால், தடை மிகக் குறைந்த பலனுக்கு மிக அதிக விலை கேட்கிறது என்று சொல்ல இடமுண்டு. திருப்பித் தராத கட்டணத்துக்குச் சேதத்தோடு தொடர்பில்லை. காப்பீடு கொள்கையளவில் சரியானது. நாள்பட்ட கீறலையும் சந்தைக் குறைபாட்டையும் அது இன்னும் தாண்டவில்லை. பொருள் மாற்றமும் நடத்தைப் பயிற்சியும் சேதத்தை நேரடியாகக் குறைக்கின்றன. இரண்டுக்கும் இரு தரப்பின் ஒத்துழைப்பு வேண்டும். பதிவும் தேய்மானக் கணக்கும் சேதத்தைக் குறைக்காவிட்டாலும் சண்டையைக் குறைக்கின்றன. இன்றுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், திருப்பித் தரும் அளவான முன்பணம், படத்தோடு கூடிய பதிவு, பொருளின் வயதுக்கேற்ற தேய்மானக் கழிவு, நாயின் பழக்கம் குறித்த வெளிப்படையான பேச்சு ஆகிய நான்கும் சேர்ந்த ஏற்பாடே மற்றவற்றைவிட உறுதியாக நிற்கிறது.

தீராத கேள்விகளும் உண்டு. வாடையை அளக்க ஒப்புக்கொண்ட முறை இல்லை. வீட்டில் வாழ்பவரின் மூக்கு பழகிப்போயிருக்கும், புதிதாக வருபவருக்கு அது தாங்கமுடியாததாக இருக்கும். அனுமதி பெற்று வளர்த்த நாயின் கீறல் தேய்மானமா சேதமா என்பதில் நீதிமன்றங்கள் ஒன்றுபடவில்லை. மேலைநாட்டு ஆய்வுகள் கம்பளத்தையும் மரத்தரையையும் வைத்துச் செய்யப்பட்டவை. டைல்ஸ் தரையும் ஃப்ளஷ் கதவும் கொசுவலையும் உள்ள வீடுகளுக்கு அவற்றின் எண்கள் எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராய வேண்டியது. இங்கிலாந்தின் புதிய சட்டம் சில ஆண்டு நடந்தபின் கிடைக்கும் தரவுகள், அனுமதியைப் பொதுவிதியாக்கினால் சேதம் கூடுகிறதா என்ற கேள்விக்கு முதல்முறையாகப் பெரிய அளவில் விடை தரக்கூடும்.

சட்டம் அதுவரை காத்திருக்கலாம். வீடு தேடுபவரும் வீடு விடுபவரும் காத்திருக்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு பக்கம் சேர்த்து, நாய் உண்டு என்பதையும், கதவு தரை சுவரின் இன்றைய நிலையையும், எந்தச் சேதத்துக்கு எப்படிக் கழிவு போடுவது என்பதையும் எழுதி, படங்களை இணைத்து இருவரும் கையெழுத்திட வேண்டும். எந்தப் புதுச் சட்டமும் இல்லாமல் இன்றே செய்யக்கூடியது அது.